மூன்று மடங்கு எடை, இருபத்தேழு நிமிடம்

பிஎஸ் (புராசஸர் ஷேரிங்) வரிசை என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் சகாடா, நொகுச்சி, ஒய்சுமி மூவரின் முடிவில் போய் நின்றுவிடுகிறார்கள். வேலையின் அளவை எடுத்து, ஒன்றில் சுமை போக மிச்சம் எவ்வளவோ அதனால் வகு. சராசரித் தங்கல் நேரம் வந்துவிட்டது. சேவை நேரப் பரவல் எப்படி வளைந்தால் என்ன, சராசரி மட்டும் தெரிந்தால் போதும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது சுலபமாகக் கைக்கு வந்த அழகு என்பது என் அபிப்பிராயம். எல்லா வேலைக்கும் சமபங்கு என்று வைத்த உடனேயே சமச்சீர்மை நமக்காகப் பாதிக் கணக்கைப் போட்டுவிடுகிறது. வகுப்புக்கு ஒரு எடை என்று வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி.

என்னென்ன போய்விடுகிறது என்று சொல்கிறேன். 1975-ல் பாஸ்கெட், சாண்டி, மன்ட்ஸ், பலாசியோஸ் நால்வரும் பெருக்கல் வடிவத்துக்கு இடம் கொடுத்த நான்கு வகை நிலையங்களில் பிஎஸ் ஒன்று. (அந்த சாண்டி, சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போன மணி சாண்டி.) அந்தச் சலுகை எடைகள் சமமாக இருக்கும்வரைதான். ஒரு வகுப்பின் எடையை மயிரிழை ஏற்றினாலும் பெருக்கல் வடிவம் போச்சு. பரவலைப் பற்றிக் கவலைப்படாத அந்த நிம்மதியும் கூடவே போச்சு. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்கு இருந்த அந்தச் சுத்தமான பெருக்குப் பரவலும் காணாமல் போகிறது. இப்படி எல்லாவற்றையும் பறிகொடுத்து நிற்கிற ஒரு மாதிரியிலிருந்து எவ்வளவு கறக்க முடியும் என்பதில்தான் எனக்கு ருசி.

வகுப்புக்கு ஒரு எடை வைக்கிற இந்த வரிசைக்கு டிபிஎஸ் என்று பெயர்; அதைப் பெற்றவர் க்ளைன்ராக், 1967-ல். ரவுண்ட் ராபினில் காலத்துண்டைச் சுருக்கிச் சுருக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோன அதே கட்டுரையில்தான், ஒவ்வொரு வகுப்புக்கும் வேறு வேறு அளவில் துண்டு கொடுத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டுவைத்தார். பிறகு 1974-ல் ஓடோனவன் ஒரு தீர்வு எழுதினார். 1980-ல் ஃபயோல், மித்ரானி, யாஸ்னொகொரோட்ஸ்கி மூவரும் வந்தார்கள். முந்தைய கணக்குகள் சரியில்லை என்பதைக் கட்டுரைச் சுருக்கத்திலேயே சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் சரியான கணக்கைப் போட்டார்கள். மொத்தம் 14 பக்கம். என்னைக் கேட்டால் வரிசைக் கோட்பாட்டில் அந்த 14 பக்கத்துக்கு ஈடாக வைக்க அதிகம் இல்லை. இது என் பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அவர்கள் பிடித்த பிடி எளிமையானது. ஒரு வேலையைக் குறிவைத்துப் பின்தொடர்கிறார்கள். அது இன்ன அளவு சேவை வாங்கிய நேரத்தில் கூட இருக்கும் மற்ற வேலைகள் எத்தனை, எந்த வகுப்பு, எவ்வளவு வாங்கியிருக்கும் என்று கணக்கு வைக்கிறார்கள். பொதுப் பரவலுக்கு அது தொகையும் வகைக்கெழுவும் பின்னிக்கிடக்கும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியாக வந்து நிற்கிறது. அடுக்குக்குறிப் பரவலுக்கோ அப்படியே இளகி, பள்ளிப் பிள்ளை தீர்க்கிற நேரியல் சமன்பாடுகளாகிவிடுகிறது. இரண்டு வகுப்பு என்றால் இரண்டே சமன்பாடு.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுவல்ல. தங்கல் நேரத்தை வேலையளவுக்கு எதிராக வரைந்து, வேலை மிகப் பெரிதாகும்போது கோடு எப்படிப் போகிறது என்று பார்க்கிற இடம். வகுப்புக்கு ஒரு கோடு. எடை கூடின வகுப்பின் கோடு கீழே, குறைந்ததன் கோடு மேலே; இது எவரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் தொலைத்தொடுகோடுகள் எல்லாம் இணைகோடுகள்! எந்த வகுப்பானாலும் சாய்வு ஒன்றே. அதுவும் எந்தச் சாய்வு? எடையே இல்லாத பழைய பிஎஸ் வரிசையின் அதே சாய்வு.

எண்ணில் பார்த்தால்தான் இதன் காரம் தெரியும். இரண்டு வகுப்பு; இரண்டிலும் வேலைகள் சராசரியாக ஒரு நிமிட அளவு, அடுக்குக்குறிப் பரவல், ஒவ்வொன்றும் சர்வரில் 40 சதவீதச் சுமை. ஆக மொத்தம் 80. முதல் வகுப்புக்கு எடை 3, இரண்டாவதற்கு 1. எடை சமமாக இருந்திருந்தால் இருவருக்கும் சராசரித் தங்கல் 5 நிமிடம். இப்போது முதல் வகுப்புக்கு 3.33, இரண்டாம் வகுப்புக்கு 6.67. இனி உள்ளே போய்ப் பாருங்கள். சரியாக ஒரு நிமிட வேலை என்றால், முதல் வகுப்பில் 3.27 நிமிடம், இரண்டாம் வகுப்பில் 6.91. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். எடைக்குக் கொடுத்த காசு வசூலாகிவிட்டது. இப்போது நூறு நிமிட வேலையை இரண்டு வகுப்பிலும் போடுங்கள். முதல் வகுப்பில் 480 நிமிடம், இரண்டாவதில் 506.67. அதாவது ஒருவன் எட்டு மணி நேரத்தில் வெளியே வருகிறான், மற்றவன் அதற்கு 27 நிமிடம் கழித்து. மூன்று மடங்கு எடை வாங்கிக் கொடுத்தது அந்த 27 நிமிடத்தைத்தான். வேலை ஆயிரம் நிமிடமானாலும் அதே 27 நிமிடம்தான்.

ஏன் இப்படி? இதற்கு உருமாற்றம் எதுவும் தேவையில்லை, பந்தியை நினைத்துக்கொண்டால் போதும். எழுந்திருக்கவே மாட்டேன் என்று ஒரு சாப்பாட்டு ராமன் உட்கார்ந்துவிட்டான். பரிமாறுகிறவர் ஒருவர். அவருக்கு இவன் மேல் தனிப் பிரியம். அடுத்த இலைக்கு ஒரு கரண்டி என்றால் இவன் இலைக்கு மூன்று. என்ன ஆகும்? மற்றவர்களுக்குச் சாப்பாடு மெதுவாக வருவதால் அவர்கள் எழுந்திருக்க நேரமாகும், பந்தியில் ஆள் சேரும். ஆள் சேரச் சேர ராமனின் பங்கு குறையும். எதுவரை குறையும்? உள்ளே வருகிற பசியெல்லாம் வருகிற வேகத்திலேயே தீருகிற நிலை வரும்வரை. வருகிற பசி பரிமாறுகிறவர் திறனில் 80 சதவீதம் என்றால் அந்த எண்பதும் அவர்களுக்குப் போயே தீரும். ராமனுக்கு மிஞ்சுவது இருபது. கரண்டிக் கணக்கு மூன்றோ முப்பதோ, நீண்ட ஓட்டத்தில் மிஞ்சுவது அதே இருபதுதான். அவன் செல்வாக்கால் மாறுவது, அவனோடு எத்தனை பேர் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள் என்பது மட்டும். அந்தக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் ஆரம்பத்தில் அள்ளிக்கொள்கிறானே, அதுதான் 27 நிமிடம்.

கோடுகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்கும் சூத்திரம் உண்டு. வேலையளவின் வர்க்கத்துக்குச் சராசரி இருந்தால் போதும். அந்த மாறிலி வகுப்பின் எடையில் நேரியலாக இருக்கிறது! மேலே சொன்ன உதாரணத்தில் எடை 3-க்கு அது கழித்தல் 20, எடை 1-க்குக் கூட்டல் 6.67. வேலையளவை ஐந்தால் பெருக்கி இதைச் சேர்த்துக்கொண்டால் பெரிய வேலைகளுக்கு விடை. இவ்வளவு சிக்கலான ஒரு வரிசை, கடைசியில் இப்படி ஒரு நேர்கோட்டுக் கணக்கை எடுத்து நீட்டும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

எங்களுக்கு இதை நடத்திய ஆசிரியர் சூத்திரத்தை முதலில் எழுத மாட்டார். கரும்பலகையில் இரண்டு வளைகோட்டை ஆரம்பித்து, பாதியில் சாக்பீஸை எடுத்துவிட்டு, "ஏன்டா, இது ரெண்டும் எங்க போய்ச் சேரும்?" என்பார். விலகிப் போகும் சார் என்று பாதி வகுப்பு. மூன்று மடங்கு எடையாச்சே, சாய்வும் மூன்று மடங்கு இருக்கும் என்பது எங்கள் துணிபு. அவர் ஒன்றும் சொல்லாமல், "ரெண்டு வகுப்புக்குப் போட்டுக் கொண்டா" என்று அனுப்பிவிடுவார். இரண்டு சமன்பாட்டை ராத்திரி உட்கார்ந்து தீர்த்தால் மறுநாள் பலகையில் அவர் போடும் இணைகோடுகளைப் பார்க்கிற கண்ணே வேறாக இருக்கும். விடையைச் சரிபார்க்க ஒரு வழியும் சொல்லித்தந்தார். ஒரு வகுப்பின் எடையை முடிவிலிக்குக் கொண்டுபோ. அந்த வகுப்புக்கு மற்றவன் இருப்பதே தெரியாத பழைய எம்/எம்/1 விடை வந்தால் கணக்கு சரி. மேலே சொன்ன உதாரணத்தில் அது 1.67 நிமிடம்.

இதெல்லாம் பலகையோடு நிற்கிற விஷயமும் இல்லை. லினக்ஸில் நைஸ் மதிப்பு போடாத ஆள் யார்? 2007-ல் இங்கோ மோல்னார் எழுதிய சிஎஃப்எஸ் ஷெட்யூலரில் நைஸ் 0 என்றால் எடை 1024. முன்னுரிமையில் ஒரு படி இறங்கினால் 820, ஒரு படி ஏறினால் 1277. படிக்குப் படி ஏறத்தாழ 1.25 மடங்கு. கழித்தல் 5 போட்டால் 3121, அதாவது நம் மூன்று மடங்கு. ராத்திரி முழுக்க ஓடும் பெரிய வேலைக்குக் கழித்தல் 5 போட்டுவிட்டு மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் முடியும் என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னச் சின்ன வேலைகள் வந்து போய்க்கொண்டே இருக்கிற மெஷினில் அது நடக்காது. எடை குட்டி வேலைக்கான மருந்து. பெரிய வேலைக்கு அது சந்தனப் பொட்டு மாதிரிதான். வைத்துக்கொள்ளலாம், காய்ச்சல் இறங்காது.

இனி மாற்று ருசிக்காரர்கள். முதலில் ஜிபிஎஸ் (ஜெனரலைஸ்டு புராசஸர் ஷேரிங்) கட்சி. வகுப்புக்குள் எத்தனை பேர் இருந்தாலும் வகுப்புக்கு மொத்தமாக இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிடுகிற ஏற்பாடு. 1989-ல் டெமர்ஸ், கேஷவ், ஷெங்கர் அதற்குப் பாதை போட்டார்கள். 1993-லும் 94-லும் பாரேக், கேலகர் இருவரும் தாமதத்துக்கு உறுதியான வரம்புகளே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நெட்வொர்க் கட்டுகிறவனுக்கு அது சோறு போடும் கணிதம், மதிக்கிறேன். ஆனால் மிக மோசமான நிலைக்கு மட்டும் பதில் சொல்லும் வரம்பில், வரிசை எப்படி மூச்சு விடுகிறது என்பது எங்கே தெரிகிறது? டிபிஎஸ்ஸில் ஒவ்வொரு ஆளும் தன் எடையைத் தானே சுமந்து வருகிறான். கூட்டம் சேர்ந்தால் அந்த வகுப்பின் பங்கும் தானாகக் கூடுகிறது. மேலே சொன்ன இணைகோடுகள் முழுக்க அந்தச் சுயதிருத்தத்திலிருந்து பிறந்தவை. ஜிபிஎஸ்ஸில் இது கிடையாது.

இரண்டாவது, சி-மியூ கட்சி. செலவையும் சேவை வேகத்தையும் பெருக்கு. பெரிய எண் வந்தவனை முதலில் அனுப்பு. 1961-ல் காக்ஸும் ஸ்மித்தும் புத்தகத்திலேயே எழுதியாயிற்று, எடை எதற்கு என்று கேட்பார்கள். செலவு நேரியல் என்றால் அவர்கள் சொல்வது முற்றிலும் சரி, விவாதிக்க இடமில்லை. ஆனால் உச்சிகளில் மட்டும் வாழ்கிறவர்கள் அவர்கள். நம் உதாரணத்தில் இரண்டு வகுப்பின் சராசரிகளையும் கூட்டினால் எப்போதும் 10. எந்த எடை போட்டாலும் அந்தக் கோட்டை விட்டு நகர முடியாது. ஒரு முனை 1.67-ம் 8.33-ம்; மறு முனை அதன் தலைகீழ். முன்னுரிமை கொடுப்பவன் முனையில் மட்டும் நிற்பான். எடை வைத்திருப்பவன் நடுவில் எந்தப் புள்ளியிலும் போய் நிற்கலாம். இந்தச் சாத்தியப் பரப்பை 1980-ல் காஃப்மனோடு சேர்ந்து வரைந்து காட்டியவர் யார்? அதே மித்ரானி. அதே வருடம்! பேராதனையில் பொறியியல் படித்த ஜார்ஜ் சாந்திகுமார், 1992-ல் டேவிட் யாவோவோடு சேர்ந்து அந்தப் பரப்பின் எலும்புக்கூட்டை இன்னும் பொதுவாக்கிக் காட்டினார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

மூன்றாவது கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை போட மனசே வராது. ரீமான்-ஹில்பர்ட் ரசிகர்கள். 1979-ல் இணைந்த இரண்டு சர்வர்கள் பற்றிய கட்டுரை, அதைத் தொடர்ந்து 1983-ல் கோஹன், பொக்ஸ்மா எழுதிய எல்லை மதிப்புப் புத்தகம். கலப்பெண் பகுப்பாய்வின் மேல் ஸ்தாயி முழுவதும் அங்கே கேட்கலாம். பிரமிக்க வைக்கும் வித்தை. ஆனால் அந்த 1979 கட்டுரையை எழுதியவர்கள் அதே ஃபயோலும் யாஸ்னொகொரோட்ஸ்கியும்தான். அவ்வளவு கனமான கருவிகளைக் கையில் வைத்திருந்தவர்கள், அடுத்த வருடமே மித்ரானியோடு உட்கார்ந்து, தேவையில்லாத இடத்தில் ஒன்றையும் எடுக்காமல் ஒதுங்கி நின்று கணக்குப் போட்டார்கள். தெரிந்த வித்தையைக் காட்டாமல் இருப்பது பெரிய வித்தை. 1980 கட்டுரையை மேலே வைக்கிற என் கட்சி இதுதான்.

அதற்குப் பிறகு வந்தவற்றில் ரேகேயும் சென்குப்தாவும் 1996-ல் எழுதியதை மட்டும் ரசித்துச் சொல்ல ஆசை. சுமை முழு அளவை நெருங்கும்போது பல வகுப்புகளின் எண்ணிக்கைகளும் தனித்தனியாக ஆடுவதை நிறுத்திவிடுகின்றன. ஒரே ஒரு சமவாய்ப்பு எண், அதுவும் அடுக்குக்குறிப் பரவல் கொண்டது. மற்றதெல்லாம் அதன் மடங்கு. எந்த வகுப்பில் எத்தனை பேர் என்பது அந்த வகுப்பின் சுமையை எடையால் வகுத்த விகிதம். நம் 3-க்கு 1 உதாரணத்தையே எடுங்கள். மொத்தச் சுமை 40 சதவீதம் என்றால் இரண்டு வகுப்பின் சராசரிகளுக்கு இடையே 1.29 மடங்குதான் வித்தியாசம். 80 என்றால் சரியாக 2 மடங்கு. 95 என்றால் 2.65. நூறை நெருங்க நெருங்க 3. எழுதிப் போட்ட எடை முழுசாகச் செல்லுபடியாவது வரிசை மூச்சுத் திணறும்போது மட்டும்தான். காலியான சர்வரில் எடை என்பது வெறும் காகிதம். அடுக்குக்குறியைத் தாண்டிய பரவல்களுக்கும் இதைக் கொண்டுபோனது 2011-ல் வெர்லூப், அயெஸ்டா, நூன்யஸ் கெய்ஹா மூவர்.

இப்போது என்ன நடக்கிறது? சமீபத்தில் ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தேன். எடை போட்ட வரிசை, கிளவுட் சர்வர், வண்ண வண்ணக் கோடுகள். பெரிய வேலைகளுக்கு எடையால் பெரிய பலன் தெரியவில்லை, இது வியப்பூட்டும் கண்டுபிடிப்பு என்று அந்த இளைஞர் சொன்னார். காரணம் என்ன என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "பத்து லட்சம் வேலை சிமுலேட் பண்ணிப் பார்த்துட்டோம் சார், அப்படித்தான் வருது." திரையில் கோடுகள் இணையாகவே போய்க்கொண்டிருந்தன. எதற்கு இணையாக இருக்கின்றன என்று அரங்கில் யாரும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்றைய பாடத்திட்டம் எம்/எம்/1-ஐத் தொட்டுவிட்டு நேராக மென்பொருளுக்குத் தாவிவிடுகிறது. நடுவில் இருக்கிற காடு முழுவதும் யாரும் போகாமல் கிடக்கிறது. சிமுலேஷனை நான் வெறுக்கவில்லை. ஆனால் சுமை 95-ஐத் தாண்டினால் அது அடங்க மிக நீண்ட நேரம் ஓட வேண்டும் என்பதாவது ஓட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? கையில் ஒரு தொலைத்தொடுகோடு இருந்தால் ஓட்டியது சரியா தப்பா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

இன்னொரு வருத்தம். கட்டுரைகள் நீண்டுகொண்டே போகின்றன. 2006-ல் ஆல்ட்மன், அவ்ராசென்கோவ், அயெஸ்டா மூவரும் டிபிஎஸ் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஒரே தொகுப்புரையில் அடக்கிக் கொடுத்தார்கள். அதைப் படித்தால் அடித்தளம் எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். அதைக்கூடப் படிக்காமல், தெரிந்த முடிவுக்குப் புதுப் பெயர் வைத்து வெளியிடுகிறவர்கள் பெருத்துவிட்டார்கள்.

பொதுப் பரவலுக்கு டிபிஎஸ் சமன்பாடுகளின் முழுத் தீர்வு இன்றும் ஒரு வரிச் சூத்திரமாகக் கைக்கு வரவில்லை. அடுக்குக்குறிதான் நம்மிடம் சுலபமாக இளகுகிறது. ஆகவே ஆரம்பிக்கிறவர்கள் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். அந்த 1980 கட்டுரை இருப்பது ஜேஏசிஎம் இதழின் 27-ம் தொகுதியில், பக்கம் 519 முதல் 532 வரை. இரண்டு வகுப்புக்கு, எடை 3-க்கு 1 வைத்து, பென்சிலால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 3.33-ம் 6.67-ம் வந்தபிறகு சிமுலேஷனை ஓட்டிக்கொள்ளலாம்.